கோடு எங்கே கோணும், எங்கே நேராகும்?

வரதராஜன்பேட்டை டீக்கடையில் பேப்பரை விரிக்கிறவங்க பலரும் தலையங்கத்துக்கு முன்னாடி பார்க்கிறது கார்ட்டூனைத்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் அது சட்டென்று புரிஞ்சிடும். போர்க்காலத்தில் கேலிச்சித்திரத்துக்கு இருந்த பலமே இதுதான்.

1939 செப்டம்பர் 20-ல் லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் டேவிட் லோவின் படம் ஒன்று வந்தது. ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றி, குனிந்து, படு மரியாதையாக ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். நடுவில் போலந்து பிணமாகக் கிடக்கிறது. பிரிட்டனைப் பிடித்ததும் கைது செய்ய நாஜிகள் தயாரித்த பட்டியலில் லோவின் பெயரும் இருந்தது.

நம்ம நாட்டுக் கதை இன்னும் சிக்கலானது. சித்தபிரசாத் (1915-1978) வங்காளத்து ஓவியர், கம்யூனிஸ்ட். ஹிட்லர் 1941-ல் சோவியத் மீது பாய்ந்த பிறகு அவருடைய கட்சி பிரிட்டனின் போரை ஆதரித்தது. அவரும் பாசிசத்துக்கு எதிராகச் சுவரொட்டிகளும் கேலிச்சித்திரங்களும் வரைந்தார். அதாவது, போரைப் பொறுத்தவரை அவர் அரசாங்கத்தின் பக்கம்தான் நின்றார்.

அப்புறம் 1943 பஞ்சம் வந்தது. சுமார் 30 லட்சம் பேர் செத்திருக்கலாம் என்பது ஒரு கணக்கு. அந்த நவம்பரில் சித்தபிரசாத் மிதுனாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய் வரைந்தார். இங்கேதான் கவனிக்கணும். கேலிச்சித்திரத்தின் உயிர் மிகைப்படுத்தல். மூக்கை நீட்டலாம், தொப்பையை ஊதலாம். ஆனா எலும்பு ஏற்கெனவே வெளியே தெரியும் உடம்பில் எதை மிகைப்படுத்துவது? அவர் கண்டதை மட்டும் வரைந்தார். பல படங்களில் ஆளின் பெயரையும் ஊரையும் எழுதி வைத்தார். கார்ட்டூனில் ஒரு மனிதர் ஒரு நாட்டுக்கோ வர்க்கத்துக்கோ அடையாளம் ஆகிவிடுவார். இங்கே பசித்தவர் பெயருள்ள ஆளாகவே இருக்கிறார்.

22 மை ஓவியங்களோடு 'ஹங்ரி பெங்கால்' என்ற சிறு நூல் வந்தது. அச்சான 5,000 பிரதிகளையும் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. எதிரியைக் கேலி செய்தபோது சும்மா இருந்த அரசுக்கு, தன் ஆட்சியில் செத்தவர்களின் படம் பொறுக்கவில்லை.

குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்த ஒரு பிரதியைக் கொண்டு 2011-ல் அந்த நூல் மறுபடி அச்சாகியிருக்கிறது. அவருடைய கேலிச்சித்திரங்களையும் இந்தப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. யாருக்காகக் கோட்டைக் கோணலாக்கணும், யாருக்காக நேராக வைக்கணும் என்று தெரிந்த கை அது.