கரியும் கறியும்

கறிக்கு வல்லின ற, கரிக்கு இடையின ர. ஒன்றாம் வகுப்பிலேயே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் எங்கள் சேரியில் இந்த இரண்டையும் அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது. கரி மூட்டப் போனவன் கூலி வாங்கி வந்தால்தான் வீட்டில் கறி. அந்தக் கறியைச் சுடவும் அவன் மடியில் முடிந்துகொண்டு வந்த நாலு துண்டு கரிதான்.

என் தாத்தா கரிமூட்டம் போட்டவர். விருத்தாசலம் என்றால் ஊர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயில் ஞாபகம் வரும், ரயில்வே ஜங்ஷன் ஞாபகம் வரும், பீங்கான் தொழிற்பேட்டை ஞாபகம் வரும். எனக்குப் புகைதான் ஞாபகம் வருகிறது. பீங்கான் சூளையின் புகை ஒரு பக்கம். முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில், தாத்தாவின் வேட்டியிலிருந்து எத்தனை துவைத்தும் போகாத மூட்டப் புகை.

மூட்டம் போடுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வெட்டிய கட்டையை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்க வேண்டும். மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணால் பூச வேண்டும். உச்சியில் நெருப்புப் போட ஒரு வாய், அடியில் சுற்றிலும் கண்கள். காற்று அதிகம் போனால் கட்டை எரிந்து சாம்பலாகும். போகாவிட்டால் நெருப்பு அணையும். கட்டை எரியாமல் வேக வேண்டும், அதுதான் வித்தை. முதலில் வெள்ளைப் புகை வரும், அது கட்டையின் ஈரம். அப்புறம் மஞ்சளாகக் கண்ணை அறுக்கிற புகை. கடைசியில் நீலமாக, நூல் மாதிரி. ‘நீலம் கண்டா கண்ண மூடு’ என்பார் தாத்தா. மூட்டத்தின் கண்ணைச் சொல்கிறார். அவர் கண்ணை மூடியதே இல்லை. மண் எங்கே உள்வாங்கி ஓட்டை விழுமோ என்று ராத்திரி முழுக்க மண்வெட்டியோடு சுற்றிவருவார். மூடிய பிறகும் நாள்கணக்கில் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால், காற்று பட்டதும் மொத்தமும் குப்பென்று பற்றிக்கொள்ளும். இவ்வளவு செய்தும் நாலிலிருந்து ஆறு கிலோ கட்டைக்கு ஒரு கிலோ கரி கிடைத்தால் பெரிது.

நல்ல கரியை எப்படிப் பார்ப்பது? தாத்தா சொல்லிக்கொடுத்தது இது. இரண்டு துண்டைத் தட்டு, கண்ணாடி வளையல் மாதிரி கிண்ணென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் ஈரம் இருக்கிறது, அல்லது வேகவில்லை. உடைத்துப் பார், உடைந்த இடம் மினுங்க வேண்டும். உள்ளே பழுப்பு தெரிந்தால் அது குறைக்கட்டை. அடுப்பில் போட்டால் புகைந்து கறியில் கசப்பு ஏற்றும். பருமனுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். தூளும் மண்ணும் கலந்த மூட்டையை வாங்காதே, மண்ணுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறாய். கருவேலங்கரி நின்று எரியும். கொட்டாங்குச்சிக் கரி கடுஞ்சூடு கொடுக்கும். பெயிண்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் இவற்றை எரித்துச் சுடாதே, விஷம். முந்திரி ஓட்டையும் கறிப்பக்கம் கொண்டுவராதே. அந்த ஓட்டின் எண்ணெய் கைபட்டால் தோலைக் கொப்பளிக்க வைப்பது. எங்கள் பகுதியில் முந்திரி உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

கறி சுடுவது ஆயாவின் வேலை. கரி பற்றியதும் வைக்கமாட்டார். கொழுந்து அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் படர வேண்டும். நீறு பூத்த நெருப்பு என்று இலக்கியத்தில் படிக்கிறோமே, கறி சுடுவதற்கு அதுதான் பக்குவம். தீ எழும்பினால் கொழுப்பு சொட்டிக் கருகும். மிஞ்சிய மாட்டுக்கறியை நீளமாக வாரி, உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போடுவார். மழைக்காலமானால் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார். உப்பும் வெயிலும் ஈரத்தை எடுத்துவிடும். புகையில் இருக்கிற பொருள்கள் கிருமியை அண்டவிடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஜனங்கள் கண்ட விஞ்ஞானம் இது. நெய்வேலி பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த லெக்கோ என்கிற அடுப்புக்கரி என் சின்ன வயதில் எங்கள் பக்கம் புழங்கியது. ஆயா அதில் டீ போடுவார், சோறு வடிப்பார். கறிக்கு மட்டும் தொடமாட்டார். ‘மண்ணுக்குள்ள கெடந்த கரிடா அது, மரத்து வாசன வராது.’ ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வார்: மழை என்று கரிச்சட்டியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதே. கரி விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது பொருநராற்றுப்படை பாடம். கரிகாலன் அவையில் பொருநனுக்குக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி கொடுக்கிற இடத்தை ஆசிரியர் ருசித்து நடத்தினார். தமிழன் விருந்தோம்பல் என்றார். தீயில் கருகிய காலை உடையவன் என்று அரசன் பெயருக்கு விளக்கமும் சொன்னார். அன்று மத்தியானம் என் டிபன் பாக்ஸில் ஆயா சுட்டுக்கொடுத்த கொடிக்கறி. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு மரத்தடிக்குப் போனார்கள். பாட்டில் இருந்தால் பண்பாடு, பாத்திரத்தில் இருந்தால் தீட்டு. இந்த இலக்கணத்தை எந்தத் தொல்காப்பியர் எழுதினார்?

அம்பேத்கர் 1927-ல் மகாடில், செத்த மாட்டுக் கறியை விடுங்கள் என்று நம் ஜனங்களிடம் சொன்னார். மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை 1948-ல் ‘தீண்டப்படாதார்’ நூலில் வரலாறாகவே எழுதினார். கறியைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம், இன்னும் பேச வேண்டும். ஆனால் அந்தக் கறிக்குக் கீழே கிடந்த கரியைப் பற்றி யார் பேசியது?

எங்கள் பழைய தென்னார்க்காட்டிலேயே அந்த வரலாறு கிடக்கிறது. 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்கிற வெள்ளைக்காரர் இரும்பாலை தொடங்கினார். இரும்புக்கல் சேலம் பக்கத்திலிருந்து வந்தது. உலைக்கு நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். ஒரு டன் இரும்பு வார்க்கப் பல டன் கரி வேண்டும். காடு அழிய அழியக் கரி தூரப் போனது, விலை ஏறியது. ஆலை கைமாறியும் பிழைக்கவில்லை, 1860-களில் நின்றுபோனது. நான் படித்த புத்தகங்களில் ஹீத்தின் பெயர் இருக்கிறது, கம்பெனியின் பெயர் இருக்கிறது, நஷ்டக் கணக்கு இருக்கிறது. மூட்டத்தைச் சுற்றி ராத்திரி முழித்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை. கரி பிடித்த கை காகிதத்தில் பதியவே இல்லை.

சீமைக்கருவேலத்தின் கதையும் அப்படித்தான். எங்கள் பக்கம் வேலிக்காத்தான் என்போம். 1877-ல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஜமைக்கா விதையைக் கொண்டுவந்து ஊன்றினார்கள். இன்று ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி என்று வறண்ட மாவட்டங்களில் அதுதான் காடு, அதுதான் கரி. 2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது நீரை உறிஞ்சுகிற மரம் என்று எல்லோரும் மரத்தைத் திட்டினார்கள். அதை வெட்டிச் சுட்டுப் பிழைக்கிறவர்களின் உயிரை உறிஞ்சியது எது என்று கேட்டவர்கள் குறைவு.

அதற்குப் பெயர் முன்பணம். என் தாத்தா, அத்தை கல்யாணத்துக்காக ஒரு காண்டிராக்டரிடம் பணம் வாங்கினார். எத்தனை மூட்டம் பிரித்தும் கணக்கு கழியவில்லை. எடை போடுவது அவன், எழுதுவதும் அவன். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. தாத்தாவுக்கு அது தெரிவதற்குள் நெஞ்சு கரியாகிவிட்டது. இருமினால் கறுப்பாக வரும். இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்களைக் கொத்தடிமைகளாக மீட்டார்கள். மீட்கவந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படம் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது முகம் எனக்குத் தாத்தா முகமாகவே தெரிந்தது.

இப்போது நகரத்து ஓட்டல்களில் மேசை நடுவிலேயே கனல் வைக்கிறார்கள். பார்பிக்யூ கரி என்று பளபளப்பான பையில் விற்கிறார்கள். பையில் எடை போட்டிருக்கிறது, விலை போட்டிருக்கிறது. மூட்டியவர் வாங்கிய கூலி போட்டிருக்கவில்லை. சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தோழர்களே. நன்றாகச் சுட்டுச் சாப்பிடுங்கள், மாட்டுக்கறியாக இருந்தால் இன்னும் சந்தோஷம். தட்டிப் பாருங்கள், உடைத்துப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள். அதோடு மூட்டை இறக்குகிற ஆளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: எந்த ஊர் மூட்டம், யார் போட்டது, முன்பணம் எவ்வளவு? பதில் வந்தால் எழுதிவையுங்கள். பதில் சொல்லப் பயந்தால் அங்கே நமக்கு வேலை இருக்கிறது.

தாத்தா போய்விட்டார். அவர் கடைசியாகப் பிரித்த மூட்டத்தின் ஒரு துண்டு என் மேசையில் இருக்கிறது. பேனாவால் தட்டினேன். இன்னும் கிண்ணென்றுதான் கேட்கிறது.