இடம்மாறிய இணையத்தளமும் மாறாத பழைய பக்கமும்

அரச திணைக்களமோ, பாடசாலையோ, பள்ளிவாசல் நிர்வாகமோ தனது இணையத்தளத்தை ஒரு சேர்வரிலிருந்து வேறொரு சேர்வருக்கு மாற்றும்போது, புதிய தளம் இயங்கத் தொடங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்ட பின்னரும் பலருடைய திரைகளில் பழைய பக்கமே தோன்றுவதை நாம் காண்கின்றோம். கொழும்பில் இருப்பவர் புதிய பக்கத்தைப் பார்க்கும் அதே வேளையில் மட்டக்களப்பில் இருப்பவர் பழையதைப் பார்க்க நேரிடலாம். விண்ணப்ப முடிவுத் திகதி, பரீட்சை நேரசூசி, பெருநாள் பிறை பற்றிய அறிவித்தல் போன்றவை அப்பக்கத்தில் இருக்குமாயின், இதனைச் சிறியதொரு தொழில்நுட்பக் கோளாறு என ஒதுக்கிவிட முடியாது.

இணையத்தில் ஒவ்வொரு சேர்வருக்கும் இலக்கங்களாலான முகவரி உண்டு. நாம் தட்டச்சுச் செய்யும் ஆள்களப் பெயரை அந்த இலக்க முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடே டி.என்.எஸ். எனப்படுகின்றது. இதனை அமெரிக்கரான போல் மொக்கபெட்ரிஸ் 1983ஆம் ஆண்டில் வகுத்தார். அதற்கு முன்னர் எல்லாக் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் பேணப்பட்டு, அக்கோப்பே எங்கும் பிரதிசெய்யப்பட்டு வந்தது. 2010ஆம் ஆண்டில் எமது நாட்டுக்குக் கிடைத்த ‘.இலங்கை’ என்னும் தமிழ் ஆள்களமும் இதே டி.என்.எஸ். ஏற்பாட்டின் கீழேயே இயங்குகின்றது.

ஒவ்வொரு தடவையும் மூலப் பதிவைத் தேடிச் செல்வது காலதாமதத்தை ஏற்படுத்தும். ஆகவே, இணைய சேவை வழங்குநரின் கணினி ஒருமுறை பெற்ற விடையைக் குறித்த காலத்துக்குத் தன்னிடம் வைத்திருக்கின்றது. டி.டி.எல். எனப்படும் அக்காலத்தைத் தள உரிமையாளரே செக்கன்களில் நிர்ணயிக்கின்றார். 86400 எனக் குறிப்பிட்டால் ஒரு நாள். 300 எனக் குறிப்பிட்டால் ஐந்து நிமிடங்கள். புதிய முகவரி உலகெங்கும் மெல்ல மெல்லப் பரவுகின்றது என்று சொல்லப்படுவது சரியன்று. ஆங்காங்கே சேமிக்கப்பட்ட பழைய விடைகள் வெவ்வேறு நேரங்களில் காலாவதியாகின்றன என்பதே உண்மை.

பழைய பக்கத்தைக் காணும் வாசகர், அதே முகவரியை முதலில் வேறோர் உலாவியில் திறந்து பார்க்க வேண்டும். அங்கு புதிய பக்கம் தோன்றினால், முதல் உலாவி சேமித்து வைத்த பிரதியே காரணம். கொன்ட்ரோல் விசையுடன் எப்5 விசையை அழுத்தினால் பெரும்பாலும் அது நீங்கிவிடும். எல்லா உலாவிகளிலும் பழைய பக்கமே தோன்றினால், வீட்டு இணைப்பைத் துண்டித்துக் கையடக்கத் தொலைபேசியின் டேட்டா மூலம் பார்க்கலாம். அதில் புதியது தெரியுமாயின், குறை கணினியிலோ ரவுட்டரிலோ சேவை வழங்குநரிடமோ உள்ளது. ரவுட்டரை நிறுத்தி மீண்டும் இயக்குவதும், விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் ‘ஐபிகொன்பிக்’ கட்டளையை ‘பிளஷ்டிஎன்எஸ்’ தெரிவுடன் இடுவதும் பழைய விடையை அழிக்க உதவும். சேவை வழங்குநரிடம் உள்ள விடை காலாவதியாகும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது டி.என்.எஸ். சேவையொன்றுக்கு மாறலாம்.

எவ்விணைப்பிலும் பழைய பக்கமே தெரிந்தால், தவறு பெரும்பாலும் தள உரிமையாளர் பக்கத்திலேயே இருக்கும். ஆள்களப் பதிவில் பழைய பெயர்ச் சேர்வர்களே விடப்பட்டிருக்கலாம். ஐபிவி4 முகவரியை மாற்றியவர் ஐபிவி6 முகவரியை மறந்திருக்கலாம். அவ்வாறாயின் ஐபிவி6 இணைப்பு உள்ளவர்கள் தொடர்ந்தும் பழைய சேர்வருக்கே செல்வர். புதிய தளத்தை முன்கூட்டியே பரிசோதிப்பதற்காக வடிவமைப்பாளர் தனது கணினியின் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் புதிய முகவரியை எழுதி வைத்திருப்பின், அவருக்கு மாத்திரம் எல்லாம் சரியாகவே தென்படும். அவரது சாட்சியத்தை நம்பி முறைப்பாடுகளைப் புறக்கணித்தல் ஆகாது.

பழைய தளத்தில் தவறான தகவல் தெரிவதிலும் பாரதூரமானது, அங்கு மக்கள் சமர்ப்பிக்கும் விண்ணப்பங்கள் புதிய தளத்தைச் சென்றடையாமல் போவதாகும். மின்னஞ்சலும் அதே சேர்வரில் இருந்தால், சில கடிதங்கள் பழைய பெட்டியிலேயே தங்கிவிடும். அனுப்பியவரோ தமது கடமை முடிந்ததென எண்ணியிருப்பார்.

இவற்றைத் தவிர்ப்பது கடினமன்று. தளத்தை மாற்றுவதற்கு முன்னரே, நடைமுறையிலுள்ள டி.டி.எல். காலம் முழுவதும் கழியத்தக்கதாக, அதனை 300 செக்கன்களுக்குக் குறைத்துவிட வேண்டும். மாற்றத்துக்குப் பின்னர் பழைய சேர்வரைச் சில நாட்கள் இயக்கத்தில் வைத்து, அதன் விண்ணப்பப் படிவங்களை மூடி, தளம் மாற்றப்பட்டுள்ளது என்ற அறிவித்தலைத் திகதியுடன் இட வேண்டும். பழைய அஞ்சல் பெட்டியைத் தினமும் பார்வையிட வேண்டும். பொதுமக்களும் ஒரு பக்கத்தை நம்புமுன் அதன் திகதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. எனினும், முதற் பொறுப்பு தளத்தை நடத்துவோருடையதே. வீடு மாறுபவர் தபாற்கந்தோருக்கு அறிவித்துவிட்டே செல்கின்றார். பொது நிறுவனங்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதனையே.