கோவையைக் கண்காணித்தல்: ஜாவாஸ்கிரிப்ட்டில் மாற்றமும் கால்பேக்கும்

ஒரு நிரலில் ‘விலை * அளவு’ என்ற கோவையின் மதிப்பு மாறும்போதெல்லாம் ஒரு கால்பேக், அதாவது மாற்றம் நேர்ந்ததும் அழைக்கப்படும் செயற்கூறு, இயங்க வேண்டும் என்று கொள்வோம். இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள் நேரடி வழி கிடையாது. மாறிக்கு நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. கோவைக்கு அப்படி இடமில்லை, கணக்கிடும்போதுதான் அதற்கு மதிப்பே உண்டாகிறது. ஆகவே கோவையைக் கண்காணிப்பது என்றால் அது எவற்றைப் படிக்கிறது என்று கண்காணிப்பதே என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆங்குலர்ஜேஎஸ் என்னும் கட்டமைப்பு இந்தச் சிக்கலைச் சலிக்காத உழைப்பால் கடந்தது. அதன் டைஜஸ்ட் சுற்றில் பதிவான கோவைகள் எல்லாம் மறுபடி கணக்கிடப்பட்டுப் பழைய மதிப்போடு ஒப்பிடப்படும். வேறுபட்டால் கால்பேக் இயங்கும். அந்தக் கால்பேக்கே இன்னொரு கோவையை மாற்றிவிடலாம் என்பதால், எதுவும் மாறாத நிலை வரும்வரை சுற்று தொடரும். இயல்பாக 10 சுற்றுகளுக்குள் அடங்காவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். தனக்குத்தானே சமமாகாத NaN என்னும் எண்ணல்லா மதிப்புக்கு ஒப்பீட்டில் தனி விலக்கும் தேவைப்பட்டது. இல்லையேல் அது ஒவ்வொரு சுற்றிலும் மாறியதாகவே தோன்றும். எந்தக் கோவைக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் ஒரே ஒரு மதிப்பு மாறினாலும் எல்லாக் கோவைகளுக்கும் சேர்த்துச் செலவிட வேண்டும்.

அடுத்த முயற்சி ஆப்ஜெக்ட்.அப்சர்வ். 2014இல் குரோம் 36 உலாவியில் இது வந்தது; இதன் முன்மொழிவு 2015 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. ஒரு பொருளில் எந்தப் பண்பு மாறியது என்று அது சொல்லும். அந்த மாற்றம் எந்தக் கோவையைத் தொடுகிறது என்று சொல்லாது. நிரலர் அறிய விரும்புவதோ இரண்டாவதைத்தான்.

2010இல் வந்த நாக்அவுட் நூலகமும் பின்னர் வியூவும் பிடித்த வழியே சரியானது. கோவையைக் கணக்கிடும் வேளையில் படிக்கப்படும் ஒவ்வொரு பண்பும் குறித்துக்கொள்ளப்படுகிறது. ‘உறுப்பினரா ? சலுகைவிலை : முழுவிலை’ என்பதை எடுத்துக்கொள்வோம். உறுப்பினராக இருக்கும்வரை முழுவிலை படிக்கப்படுவதே இல்லை; அது மாறினாலும் கால்பேக் இயங்காது, இயங்கவும் கூடாது. உறுப்பினர் நிலை மாறினால் மறுகணக்கின்போது, படிக்கப்பட்ட பண்புகளின் பட்டியலும் புதிதாக எழுதப்படும். நிரலின் உரையை மட்டும் ஆராய்ந்து இத்தனை துல்லியத்தை எட்ட முடியாது.

குறைகள் இல்லாமல் இல்லை. வியூ 2இல் ஒரு பொருளில் பின்னால் சேர்த்த பண்பு கண்ணில் படாது. 2020இல் வந்த வியூ 3 பிராக்சி என்னும் மொழி வசதியைக் கொண்டு அதைத் தீர்த்தது. ஆனால் வியூவின் வாட்ச்எஃபெக்டில் முதல் அவெய்ட் காத்திருப்புக்குப் பிறகு படிப்பவை இன்றும் பதிவாவதில்லை. படிப்பைக் குறித்துக்கொள்ளும் நேரம் அதற்குள் முடிந்துவிடுகிறது.

2024இல், ஜாவாஸ்கிரிப்ட் தரத்தை வகுக்கும் டிசி39 குழுவில் முதல் நிலையை எட்டிய சிக்னல்ஸ் முன்மொழிவு இவ்வழியை மொழிக்குள்ளேயே கொண்டுவரப் பார்க்கிறது. அதில் சிக்னல் என்பது கண்காணிக்கப்படும் மதிப்பு. அதன் வாட்சர் என்னும் கண்காணிப்பான் கால்பேக் வழியே தரும் அறிவிப்பு, மதிப்பு மாறியிருக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது. அந்தக் கால்பேக்குக்குள் எந்தச் சிக்னலையும் படிக்கவோ எழுதவோ இடமில்லை. இந்தக் கட்டுப்பாடு மிகத் தேவையானது. உண்மையில் மாறியதா என்பதை மறுபடி கணக்கிட்டால்தான் சொல்ல முடியும். அதை எப்போது செய்வது என்பதைத் திரையை வரையும் நூலகமே முடிவு செய்ய வேண்டும்.