செடெனாக்கில் சில்வண்டுச் சத்தமும் மாலை மழையும்: ஏப்ரல், மே மாத வழிகாட்டி

ஜொகூர், கூலாய் மாவட்டத்தில் உள்ள செடெனாக் ஒரு காலத்தில் பால்மரத்தாலும் பிறகு செம்பனையாலும் அறியப்பட்ட வட்டாரம். இன்று செம்பனை நிலமாக இருந்த பகுதியில் செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா எழுந்து, தரவு மையங்கள் வந்துள்ளன. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. லயத்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்து மழையைச் சொன்ன பெரியவர்களின் பழக்கமும் அவர்களோடு குறைந்து வருகிறது.

அந்தப் பழக்கத்தை மீண்டும் தொடங்க ஏற்ற மாதங்கள் ஏப்ரலும் மேயும். வீட்டுப்புறத்தில் ஒரு மரமும் கையில் ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும்.

வசந்தமும் இல்லை, கத்திரியும் இல்லை

குளிர்நாடுகளில் ஏப்ரல், மே என்றால் வசந்தம். தமிழ்நாட்டில் அதே நாள்களில் சித்திரை வெயில் ஏறி, மே மாதத்தில் அக்னி நட்சத்திரம் வரும். மலேசிய வீடுகளில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியிலும் கத்திரி தொடக்கம், கத்திரி முடிவு என்று அச்சிட்டிருக்கும். ஆனால் செடெனாக் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. இங்கே பகலின் நீளம் ஆண்டு முழுவதும் சில நிமிடங்களே மாறும். சூரியன் ஏறத்தாழ காலை 7 மணிக்கு எழுந்து மாலை 7 மணிக்கு மறையும். அது உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, பகல் 1 மணியை ஒட்டி.

இங்கே பருவத்தைப் பிரிப்பது காற்று. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். மே இறுதி அல்லது ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் நடுவே வருவதுதான் பருவக்காற்று மாறும் காலம். அப்போது காற்று வலுவிழந்து, திசை மாறி மாறி வீசும். மார்ச் கடைசி வாரத்தில் சூரியன் இந்த வட்டாரத்தின் உச்சந்தலைக்கு நேராக வந்து வடக்கே நகர்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உடம்பு பிசுபிசுக்கும் நாள்கள் இவை.

மலேசியாவில் வெப்பம் எல்லை மீறுவதும் பெரும்பாலும் ஆண்டின் முதல் பாதியில்தான். 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவான 40.1 பாகை செல்சியஸ், நாட்டின் பழைய வெப்பப் பதிவுகளில் அடிக்கடி நினைவுகூரப்படுவது. ஓரிடத்தில் தொடர்ந்து மூன்று நாள் 35 பாகையைத் தொட்டாலே மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் கட்ட எச்சரிக்கை விடுக்கும். கூலாய் வட்டார மக்களுக்கு அருகில் இருக்கும் வானிலை நிலையம் செனாய் விமான நிலையத்தில் உள்ளது.

மழை எப்போது வரும்?

ஏப்ரல், மே மாதங்களில் காலை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். 11 மணிக்கு மேல் பஞ்சுப் பொதி போன்ற மேகங்கள் தோன்றும். பிற்பகலில் அவை செங்குத்தாக வளர்ந்து, அடிப்பகுதி கறுக்கும். நிலத்தின் சூடு ஈரக்காற்றை மேலே தள்ளுவதால் வருவது இது. பிற்பகல் 3 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையே இடியோடு கொட்டித் தீர்க்கும். ஒரு தாமானில் வெள்ளமாக ஓட, இரண்டு கிலோமீட்டர் தள்ளி சாலை காய்ந்து கிடப்பதும் இந்த மழையின் இயல்பு.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இன்னொரு வகை மழை வரும். சுமத்ரா தீவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் திரண்ட மேகங்கள், நீண்ட வரிசையாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ பலத்த காற்றோடு தீபகற்பத்தின் மேற்கு, தெற்குப் பகுதிகளைத் தாக்கும். இதைத்தான் சுமத்ரா காற்று என்பார்கள்.

இந்த வேறுபாட்டைப் பால்மரம் வெட்டியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்தில் பால் நன்றாக வடிவது விடியலுக்கு முன்னும் பின்னும். மாலையில் பெய்யும் மழை மறுநாள் வேலையை அதிகம் பாதிக்காது. விடியற்காலை மழையோ பட்டையை நனைத்து அன்றைய வெட்டையே நிறுத்திவிடும். வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. மழை வரும் நேரத்தைக் கவனிப்பது அவர்களுக்குப் பிழைப்பு.

சில்வண்டு எது, சுவர்க்கோழி எது?

மரத்திலிருந்து அரம் தீட்டுவதுபோல் எழும் நீண்ட ஒலி சில்வண்டுடையது. மலாய்க்காரர்கள் இதை ரியாங்-ரியாங் என்பார்கள். இரவில் புல்லிலும் சுவரிடுக்கிலும் விட்டுவிட்டுக் கேட்பது சுவர்க்கோழி. சுவர்க்கோழி சிறகோடு சிறகை உரசி ஒலி எழுப்பும். சில்வண்டின் முறை வேறு. ஆண் சில்வண்டின் வயிற்றின் தொடக்கத்தில் இரு பக்கமும் விலா எலும்பு போன்ற வரிகள் உள்ள மெல்லிய தகடு உண்டு. உள்ளே இருக்கும் தசை இழுக்கும்போது அந்தத் தகடு உள்வாங்கி, மீண்டும் வெளியே துள்ளும். தகர டப்பா மூடியை அழுத்தி விட்டால் வரும் ஒலி போன்றது இது. இது நொடிக்குப் பலமுறை நடக்க, பெரும்பாலும் வெற்றிடமான வயிறு ஒலியைப் பெருக்குகிறது. அருகில் நின்றால் சில இனங்களின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். பாடுவது ஆண் மட்டுமே. பெண்ணைக் கூப்பிடுவதற்காகவே அந்தப் பாட்டு.

ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நேரம் உண்டு. சில விடியலில், சில கடும் வெயிலில், சில சூரியன் மறையும் கால்மணி நேரத்தில் பாடும். உலகின் மிகப் பெரிய சில்வண்டான மெகாபொம்போனியா இம்பெரடோரியா தீபகற்ப மலேசியக் காடுகளில் வாழ்கிறது. சிறகை விரித்தால் ஏறத்தாழ 20 செண்டிமீட்டர். அது அந்திப் பாடகன். வீட்டுப்புறங்களில் பச்சை நிறச் சில்வண்டுகளும், கறுப்புச் சிறகும் சிவப்பு வயிறும் கொண்ட சிறிய சில்வண்டுகளும் கண்ணில் படலாம். சில்வண்டு கடிக்காது, கொட்டாது. வெட்டுக்கிளிபோல் இலையை மேய்வதும் இல்லை. ஊசி போன்ற வாயால் மரச்சாற்றை உறிஞ்சும். மிகுந்த நீரைப் பீய்ச்சி வெளியேற்றும். மழை இல்லாத நாளில் மரத்தடியில் தூறல் விழுந்தால் மேலே பார்க்கலாம்.

மண்ணுக்குள் கழியும் வாழ்நாள்

பெண் சில்வண்டு சிறு கிளையின் பட்டையைக் கீறி முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சு தரையில் விழுந்து மண்ணுக்குள் புகுந்து, வேரின் சாற்றைக் குடித்து வளரும். இனத்தைப் பொறுத்து இந்த வாழ்க்கை ஓராண்டோ பல ஆண்டுகளோ நீளும். முதிர்ந்ததும் பெரும்பாலும் இரவில் மண்ணைத் துளைத்து வெளியே வந்து மரத்தில் ஏறும். முதுகுத்தோல் பிளந்து, சிறகோடு வெளிப்படும். காலையில் பட்டையில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறக் கூடு அது விட்டுச்சென்ற சட்டை. வெளியுலகில் அதற்குக் கிடைப்பது சில வாரங்கள் மட்டுமே.

அமெரிக்காவில் சில இனங்கள் 13 அல்லது 17 ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்து ஒரே நேரத்தில் வெளிவரும். 2024இல் 13 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் 17 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் சேர்ந்து வந்தன. அவ்விரண்டும் அதற்கு முன் ஒன்றாக வந்தது 1803இல். இந்தியாவின் மேகாலயா மாநிலத்தில், ரி போய் மாவட்டத்தில், ஓர் இனம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெளிவருகிறது. அங்குள்ள மக்கள் அதை நியாங்தாசர் என்று அழைத்து, பிடித்து உண்கிறார்கள். 2013இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டிய இருவரில் ஒருவர் மலேசிய ஆய்வாளர். வெப்பமண்டலத்தில் பெரும்பாலான இனங்கள் இப்படிக் கணக்கு வைப்பதில்லை. ஆண்டுதோறும் சில பாடும், சில மண்ணுக்குள் காத்திருக்கும்.

உடன் வாழும் மற்றவை

மாலை மழை ஓய்ந்ததும் விளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும். மலாயில் இதற்குக் கெல்காத்து என்று பெயர். அதைத் தின்னப் பல்லியும் தேரையும் வந்துசேரும். மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருந்த தகைவிலான் குருவிகள் ஏப்ரல் வாக்கில் வடக்கே திரும்பிவிடும். மலாயில் அந்தக் குருவிக்கும் லாயாங்-லாயாங் என்றுதான் பெயர். பக்கத்து ஊரின் பெயரும் அதுவே. வீட்டருகே கூவும் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும். அந்தக் காகம் இந்த மண்ணுக்குரியது அல்ல. காப்பித் தோட்டப் புழுக்களை ஒழிக்க 1890களில் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது.

செம்பனைத் தோட்டத்துக்கும் இப்படி வந்த ஒரு விருந்தாளி உண்டு. 1981க்கு முன் செம்பனைப் பூக்களுக்கு ஆட்களே மகரந்தம் தூவினார்கள். அந்த ஆண்டு, கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டு குளுவாங் வட்டாரத் தோட்டத்தில் விடப்பட்டது. அதன்பின் அந்த வேலையை வண்டே பார்த்துக்கொண்டது. காய்ப்பிடிப்பும் உயர்ந்தது.

செம்பனைக் காட்டின் இரவுக் காவலாளி கூகை. தோட்டங்களில் கம்பத்தின்மேல் நிற்கும் மரப்பெட்டிகள் அதற்கான கூடுகள். செம்பனைத் தோட்டத்தில் அதன் உணவு கிட்டத்தட்ட முழுவதும் எலிகளே. அதன் அலறலை அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டுவது நஷ்டமான காரியம். எலிமருந்து தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகக்கூடும்.

கவனம் தேவைப்படும் இரண்டு

முதலாவது இடி. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 3 நொடி என்றால் மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில். 30 நொடிக்குள் ஓசை கேட்டால் உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருப்பது நல்லது. தனிமரத்தடி, காற்பந்துத் திடல், குலை வெட்டும் அலுமினியக் கம்பு மூன்றுமே ஆபத்து. புறப்படும் முன் வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியில் இடிமழை எச்சரிக்கையைப் பார்க்கலாம்.

இரண்டாவது பாம்பு. எலியைத் தேடி வீட்டருகே வரும் கருநிற நாகம் விஷத்தைக் கண்ணை நோக்கிப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் நீரில் தொடர்ந்து கழுவியபடி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாம்பைப் பிடிக்க முயலாமல் 999க்கு அழைத்தால் உதவி வரும்.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது?

நாள், சில்வண்டு பாடத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்த மரம், அன்று மழை உண்டா என்ற ஐந்தும் போதும். மழையை அளக்க, நேர்ச்சுவர் கொண்ட ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, அடுத்த நாள் காலை அளவுகோலால் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். அளந்ததும் கொட்டிவிட வேண்டும். தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும். மரப்பட்டையில் உள்ள கூடுகளை வாரம் ஒருமுறை எண்ணுவது பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. எண்ணியதை எடுத்துவிட்டால் மறுவாரம் கணக்குக் குழம்பாது.

இரண்டு, மூன்று ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால் எந்த வாரத்தில் மழை திரும்புகிறது, எந்த மழைக்குப் பின் கூடுகள் கூடுகின்றன என்பது தெரியவரும்.

மண்ணை மூடும் முன்

சில்வண்டு குறைவதற்குப் பூச்சிமருந்து மட்டும் காரணமல்ல. பறவை ஒரு மரம் போனால் இன்னொரு மரத்துக்குப் பறந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் சில்வண்டுக் குஞ்சு பறக்க முடியாது. மரம் வெட்டப்பட்டால் அதன் உணவு நிற்கும். தரைக்குச் சிமெண்டு போட்டால் வெளியே வரும் வழியும் அடைபடும். இன்னும் பாடாத வருங்காலத் தலைமுறையே அதோடு போய்விடும்.

தொழிற்பேட்டைகள் எழுவதை ஒரு குடும்பத்தால் நிறுத்த முடியாது. அவை வேலையும் கொண்டுவருகின்றன. ஆனால் வீட்டுப்புறத்து மா, பலா, ரம்புத்தான் மரத்தைச் சுற்றி நான்கடி மண்ணைத் திறந்து விடுவது யாராலும் முடியும். உதிர்ந்த இலையை எரிக்காமல் வேரடியில் போட்டால் மண் ஈரமாக இருக்கும். கோயில் வளாகத்திலும் தமிழ்ப்பள்ளித் திடலிலும் நிற்கும் பழைய மரங்களுக்கும் இதே கவனம் போதும். அந்த மரங்களில் அந்தி ஏழு மணிக்குச் சத்தம் கேட்கிறவரை, அவற்றின் வேரடியில் அடுத்த ஆண்டுக்கான சில்வண்டுகளும் இருக்கும் என்று நம்பலாம்.