சுடுகாட்டு மல்லியும் கனடா எலிகளும்

பரீட்சை முடிந்துவிட்டது, அதனால் ஒரு பதிவு!

ரோட்டோரத்திலும் கல்லறைப் பக்கமும் பூத்துக் கிடக்குமே நித்தியகல்யாணி, அதன் கதைதான் இது. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு.

ஜமைக்காவில் இந்த இலையில் தேநீர் போட்டு சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள். 1952-ல் அங்கிருந்து 25 இலைகள் ஓர் உறையில் கனடா டாக்டர் கிளார்க் நோபிளுக்கு வந்தன. (இன்சுலின் ஆராய்ச்சியில் பான்டிங்குக்கு உதவியாளராக முதலில் யார் போவது என்று 1921-ல் காசு சுண்டிப் பார்த்தபோது, சார்லஸ் பெஸ்ட்டிடம் தோற்றவர் இவர்தான். பாவம்!) அவர் இலைகளைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். தம்பிக்கு வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலை.

சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். சர்க்கரை துளிகூட இறங்கவில்லை. ஊசியில் ஏற்றினார்கள். ஒரு வாரத்துக்குள் எலிகள் கிருமித் தொற்றில் செத்துப்போயின. நானாக இருந்தால் 'ஃபெயில்' என்று நோட்டில் எழுதிவிட்டு கேன்டீனுக்குப் போயிருப்பேன். நோபிள் ரத்தத்தைப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்திருந்தன, எலும்பு மஜ்ஜையும் வற்றியிருந்தது. வெள்ளை அணுக்கள் தறிகெட்டுப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அப்படியென்றால்...

1954-ல் வேதியியலாளர் சார்லஸ் பீர் வந்து சேர்ந்தார். சாற்றிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து 1958-ல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் எலை லில்லி கம்பெனியும் இதே செடியை, அதுவும் சர்க்கரை நோய்க்காகவே, சோதித்துக்கொண்டிருந்தது. அங்கே ரத்தப் புற்று வந்த எலிகள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. அவர்கள் பிரித்த வின்கிரிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. செல் இரண்டாகப் பிரிவதற்குத் தேவையான நுண்குழல்களை இவை கட்டவிடாமல் தடுக்கின்றன. 1950-களில் ரத்தப் புற்று வந்த குழந்தை பிழைப்பது அபூர்வம். இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைக்கின்றன. வின்கிரிஸ்டின் தனியாக அல்ல, பல மருந்துகளோடு சேர்ந்து செய்த வேலை அது.

இதை எழுதக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு தாத்தா, புற்றுநோய்க்கு நல்லது என்று யாரோ சொன்னதால் தினமும் இந்த இலையை அரைத்துக் குடிக்கிறார். தாத்தா, அந்த எலிகளைக் கொன்றதும் இதே சாறுதான்! மருந்து என்பது டன் கணக்கான இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்து, அளந்து, நரம்பு பாதிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றுவது.

அந்த இலை நம்மிடமிருந்தும் போகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மானாவாரி நிலத்தில் இதைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் காயவைத்து விற்கிறார்கள். பூர்வீக மண்ணான மடகாஸ்கருக்கு அந்த லாபத்தில் பங்கு என்று எதுவும் போகவில்லை. எனக்கு ஆறாத விஷயம் இது.

எங்கள் லேபிலும் மூலிகைச் சாறு சோதிக்கிறோம். டி.பி.பி.எச். என்ற ஊதா நிறக் கரைசலில் சாற்றை விட்டால் மஞ்சளாக மாறும். ஆன்டி-ஆக்ஸிடன்ட் இருக்கிறது என்று எழுதிக்கொள்வோம். டீத்தூள் போட்டாலும் மாறும், நெல்லிக்காய் போட்டாலும் மாறும். புற்றுநோய்க்கு மருந்து என்று அதற்குள் போஸ்டர் ஒட்டிவிட்டான் என் நண்பன். நாளைக் காலை அவனிடம் இந்த எலிக் கதையைச் சொல்ல வேண்டும்.