மனைக்கட்டு

விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் வழியாக நெய்வேலிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு முறை பிரயாணம் செய்தபோது, எனக்கு முன் ஸீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு மாற்று மனைக்குக் காத்திருப்பவர்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"மனை குடுக்கறது இருக்கட்டும் மாமா. அங்கே குழாய் இருக்குமா, பஸ்ஸு நிக்குமா, அதைக் கேட்டீங்களா?" என்றார் இளையவர். பெரியவர் பதில் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த நம் பெரியோர், மனையை வாங்கிப் பார் என்று சொல்லவில்லை. சொன்னவருக்கு நத்தத்தில் பாட்டன் விட்டுப்போன மனை இருந்திருக்கும். பண்ணையாளுக்கு ஏது மனை? குடிசை அவனுடையது, அது நின்ற மண் மிராசுதாருடையது. கூலியை உயர்த்திக் கேட்டால் வேலையோடு குடிசையும் போய்விடும். குடியிருந்த மனையை அவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971-இல்தான் வந்தது.

கிராமத்தை விட்டுச் சென்னைக்கு வந்தவனுக்கோ ஆற்றங்கரையும் ரயில் பாதை ஓரமுந்தான் கதி. 1971-இல் கணக்கெடுத்தபோது பட்டணத்தில் 1,202 சேரிகள் இருந்தன. அதற்கு முந்திய வருஷம் ஆரம்பித்த குடிசை மாற்று வாரியம், ஏழே வருஷங்களில் அத்தனை குடிசைகளையும் மாடி வீடுகளாக்கிவிடுவது என்று புறப்பட்டது. நல்ல எண்ணந்தான். ஆனால் மாடி எழும்பிய வேகத்தைவிடக் குடிசை பெருகிய வேகம் அதிகம்.

அப்போதுதான் வேறொரு யோசனை வந்தது. 1972-இல் ஆப்பிரிக்காவில் செனகல் தேசத்து டாக்கர் நகருக்காக உலக பாங்கி பணம் கொடுத்த திட்டம் அது. சர்க்கார் வீடு கட்ட வேண்டாம். நிலத்தை வாங்கி, தெருப் போட்டு, குழாயும் சாக்கடையும் விளக்கும் கொண்டுவந்து, மனையாகப் பிரித்துக் கொடுத்தால் போதும் என்பதே அதன் சாரம். சென்னையில் 1977-இல், 2 கோடி 40 லட்சம் டாலர் கடனில் தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்று இடங்களிலும் இப்படி மனைகள் பிரித்தார்கள்.

பெரிய மனைகளை அகலமான சாலை ஓரத்தில் வைத்து, வசதியுள்ளவர்களுக்குச் சந்தை விலைக்கு விற்றார்கள். அந்த லாபம் உள்ளே சின்னச் சந்துகளில் இருந்த ஏழை மனைகளின் விலையைக் குறைக்க உதவியது. ஒரு கிரவுண்டில் சிறு துண்டுதான் ஏழையின் மனை, தவணையில் கட்டலாம். சில மனைகளில் கக்கூஸ் மட்டும் கட்டியிருக்கும். சிலவற்றில் அதோடு ஓர் அறையும் உண்டு.

கக்கூஸைக் கட்டிவிட்டு, 'இந்தா அப்பா, உன் வீடு!' என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும். சுவரைக் குடும்பம் தானே எழுப்பிக்கொள்ளும். இந்த வருஷம் ஓலை, சீட்டு எடுத்தால் ஓடு, பையன் தலையெடுத்தால் தளம் என்று வீடு வளரும். சாக்கடையை அப்படி ஒரு குடும்பம் தனியாகப் போட்டுக்கொள்ள முடியாது. தெருவை முன்கூட்டியே விடாவிட்டால் பின்னால் யாராலும் விட முடியாது. தன்னால் முடியாததைச் சர்க்காரும், தன்னால் முடிந்ததைக் குடித்தனக்காரனும் செய்வது என்ற ஏற்பாடு, நான் அறிந்த வீட்டு வசதித் திட்டங்களிலெல்லாம் புத்திசாலித்தனமானது என்பது என் அபிப்பிராயம்.

பார்க்க வந்த பெரிய மனிதர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை செய்யும் இடத்துக்கு வெகு தூரம், மனைகள் காலியாகக் கிடக்கின்றன, பலர் விற்றுவிட்டார்கள் என்று குறை சொன்னார்கள். 1990-களில் உலக பாங்கியே இந்த வழியை அநேகமாகக் கைவிட்டுவிட்டது. அதே பாங்கியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இருபது வருஷம் கழித்துச் சென்னை, பம்பாய் மனைகளைத் திரும்பப் பார்த்து, 2018-இல் எழுதினார்கள்: தோல்வி என்று நினைத்தது தோல்வியே அல்ல; மனைகள் நிறைந்து, மாடிமேல் மாடி எழும்பி, பல தரத்து ஜனங்களும் கலந்து வாழும் பேட்டைகளாகிவிட்டன. அரும்பாக்கத்துக்குப் பக்கத்தில் 1996-இல் கோயம்பேடு மார்க்கெட் வந்தது. 2002-இல் பஸ் நிலையம் வந்தது. 2015-இல் மெட்ரோ ரயில் அரும்பாக்கத்திலேயே நின்றது. தூரம் என்று சொன்ன இடத்துக்குப் பட்டணமே நடந்து வந்துவிட்டது.

முதலில் மனை பெற்ற ஏழைகளில் எத்தனை பேர் அங்கே நிலைத்தார்கள் என்று கேட்டால், விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கையில் விற்க ஒரு சொத்தாவது இருந்தது. இந்த நூற்றாண்டில் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களுக்குக் கிடைத்தது கட்டி முடித்த வீடு. அறை குறைந்தால் ஒன்று சேர்த்துக் கட்ட அங்கே இடமில்லை.

கம்மாபுரத்தில் பஸ் நின்றது. இறங்க எழுந்த பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "குழாய் வருமாம் மாப்பிள்ளை. பஸ்ஸைப் பத்திக் கேக்க மறந்துட்டேன்."