மாடி ஏறிய வண்டி – 7: இருபத்தெட்டு டிகிரி

சென்ற வாரம் சிவகாசி இளைஞர்கள் இருவரைக் கல்கத்தாவில் விட்டுவிட்டு நிறுத்தியிருந்தேன். 1922-இல் தீப்பெட்டித் தொழில் கற்க வங்காளம் போன பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் அங்கே மாடி பஸ்ஸில் ஏறியிருப்பார்களா? வாசகர்கள் பலர் கேட்ட கேள்வி இது.

ஏறியிருக்க முடியாது. 1923-இலேயே தொழிலைக் கற்றுக்கொண்டு அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். ஷியாம்பஜாரிலிருந்து காளிகாட்டுக்குக் கல்கத்தாவின் முதல் மாடி பஸ் புறப்பட்டது 1926-இல். மூன்று வருஷ இடைவெளியில் அந்தக் காட்சி அவர்களுக்குக் கிட்டாமல் போயிற்று.

அவர்கள் கொண்டுவந்த நெருப்பு நம் வானம் பார்த்த பூமியை எப்படி மாற்றியது என்பது விருதுநகர் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நாம் பார்க்க வேண்டியது வேறு. மாடி பஸ் சரியாக அந்தச் சில ஆண்டுகளில் மட்டும் ஏன் தலையெடுத்தது? அதுவரை அதைத் தடுத்து நிறுத்தியது எது?

பயம்தான். குதிரை இழுத்த காலத்திலிருந்தே லண்டனில் மாடி வண்டி உண்டு. ஆனால் மாடிக்குக் கூரை கிடையாது. மழையோ பனியோ, மேலே ஏறியவர் நனைந்துகொண்டேதான் போனார். கூரை போட்டால் மேல்பாரம் கூடி வண்டி சாய்ந்துவிடும் என்று லண்டன் போலீஸ் அனுமதி மறுத்தே வந்தது. 1925-இல்தான் சம்மதித்தது. விருதுநகருக்குப் பருத்திப் பொதி ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் இந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டார்கள். பொதியை உயர அடுக்கிய பிறகு ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மேல்பாரத்தைக் குறைக்க முடியாது. மாடியில் மனிதர்கள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். மீதி இருந்தது ஒரே வழி. வண்டியின் அடியைத் தரையோடு தரையாக இறக்க வேண்டும்.

அதைச் செய்துகாட்டியவர் ஜி. ஜே. ராக்கம் என்ற ஆங்கிலேயர். அமெரிக்காவில் பஸ் வடிவமைத்துக்கொண்டிருந்தவர், 1926-இல் லேலண்ட் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டே ‘டைட்டன்’ வெளிவந்தது. அதற்கு முன்னால் பெரும்பாலான பஸ்கள் லாரி சேஸின் (அடிச்சட்டத்தின்) மேல் கூண்டு கட்டிய வண்டிகள்தான். லாரிக்குச் சேஸ் உயரமாக இருந்தால் குற்றமில்லை. மாடி பஸ்ஸுக்கு அதுவே எமன். ராக்கம் சேஸை அச்சுகளுக்கு மேலே மட்டும் வளைத்து ஏற்றி, மற்ற இடங்களில் கீழே இறக்கினார். என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை நடுவிலிருந்து ஒரு பக்கமாக ஒதுக்கினார். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பின்னச்சின் டிஃபரன்ஷியலும் அதோடு ஓரத்துக்குப் போனது. நடைபாதைக்கு அடியில் துருத்திக்கொண்டு நிற்க எதுவும் இல்லை என்றானதும் தளம் தாழ்ந்தது. தளம் தாழ்ந்ததும் மாடியும் சேர்ந்து தாழ்ந்தது.

அதோடு விடவில்லை. பஸ்ஸில் நடப்பவருக்குத்தான் முழு உயரம் வேண்டும், உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டாம். எனவே மாடியின் நடைபாதையை நடுவிலிருந்து எடுத்து, வலது ஓரத்தில் பள்ளமாகப் பதித்தார்கள். வண்டியின் மொத்த உயரமே ஏறக்குறைய 13 அடிக்கு வந்துவிட்டது. தாழ்ந்த ரயில் பாலங்களுக்கு அடியிலும் அது புகுந்து போனது. இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. மேலே நான்கு பேர் ஒரே நீள சீட்டில் உட்கார வேண்டும். உள்ளே ஜன்னலோரம் இருப்பவர் இறங்க மற்ற மூவரும் வழிவிட வேண்டும். கீழே வலப்பக்கம் உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தால், மாடிப் பள்ளத்தின் அடிப்பகுதி தலையில் இடிக்கும். ஆனாலும் அந்த ஓர நடைபாதையை நினைத்து நான் வியக்காத நாளில்லை. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் அதில் இல்லை. மனித உடம்பு எங்கே நிற்கும், எங்கே உட்காரும் என்று ஒருவர் பொறுமையாகக் கவனித்திருக்கிறார்.

சரி, உயரம் குறைந்தது. கவிழாது என்று யார் உறுதி சொல்வது?

அதற்காக ஏற்பட்டதுதான் சாய்வுச் சோதனை. லண்டனின் சிஸ்விக் பணிமனையில் எடுத்த படங்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். மாடியில் ஆட்கள் நிறைந்திருப்பதற்குச் சமமான எடையை ஏற்றுவார்கள். கீழ்த்தளத்தைக் காலியாக விடுவார்கள். இதைவிட மோசமான நிலைமை ஒரு மாடி பஸ்ஸுக்கு வராது. பிறகு வண்டி நிற்கும் மேடையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள். பத்து டிகிரியில் ஸ்பிரிங் அமுங்கும். இருபதில் பார்ப்பவர் ஒதுங்கி நிற்கத் தோன்றும். விதி கேட்பது இருபத்தெட்டு. அதுவரை சாய்ந்தும் வண்டி கவிழக்கூடாது. தாழ்ந்த சேஸ், அடியில் கனத்த என்ஜினும் அச்சும், மேலே மெல்லிய கூண்டு. இந்த மூன்றும் கூடி அதைக் கவிழாமல் பிடித்து வைத்தன.

மேலே மெல்லிய கூண்டு என்ற அந்தக் கடைசி அம்சத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோனது ‘ரூட்மாஸ்டர்’. போர்க்காலத்தில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிப் பழகியவர்கள் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தார். அந்த அனுபவத்தோடு அலுமினியத்தில் பஸ் செய்தார்கள். முந்தைய ஆர்.டி. வகையில் 56 இருக்கை, இதில் 64. அதற்காக எடை கூடவில்லை. 1956-இல் சாலைக்கு வந்தது, அன்றாடச் சேவையிலிருந்து விடைபெற்றது 2005-இல்தான்.

இனி நம் பக்கம் வருவோம். டில்லியைச் சேர்ந்த ரகுநந்தன் சரண், 1948-இல் தன் மகன் பெயரில் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். எண்ணூர் ஆலையில் முதலில் பூட்டியது ஆஸ்டின் கார்களை. லேலண்டோடு உறவு ஏற்பட்டு, 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1967-இல் அங்கிருந்து ‘டைட்டன்’ என்ற பெயரிலேயே ஒரு மாடி பஸ் வெளிவந்தது. பாதி உதிரிபாகங்கள் உள்நாட்டிலேயே செய்தவை. ராக்கம் வடிவமைத்த வண்டிக்குச் சரியாக நாற்பது ஆண்டு கழித்து, வங்கக் கடலோரத்தில் ஒரு வாரிசு.

சென்னையில் தாம்பரம் போன 18ஏ மாடி பஸ்ஸை மறக்காதவர்கள் நம் ஊர்களில் நிறைய. பட்டாசு மொத்த வியாபாரம் நடந்தது பாரிமுனையில். சிவகாசியிலிருந்து சரக்குக் கணக்குப் பார்க்கப் போனவர்கள் அங்கேதான் மாடி பஸ் ஏறினார்கள். மேலே, முன் கண்ணாடியை ஒட்டிய சீட்டுக்குப் பெரியவர்களும் பிள்ளைகளோடு போட்டி போட்டார்கள். 2008 வரை அந்த வழித்தடத்தில் மாடி பஸ் ஓடியது.

அப்படியானால் மதுரை, விருதுநகர், சிவகாசி சாலையில் மாடி பஸ் ஏன் ஓடவில்லை? சாலைக்கு மேலே கவிந்த புளியமரக் கிளை ஒரு காரணம். மூட்டை முடிச்சு ஏற்றக் கூரைமேல் கேரியர் தேவைப்பட்டது இன்னொன்று. இவை இரண்டையும் விடப் பெரிய காரணம் முதலாளி யார் என்பது. உயரமான கொட்டகை, தனிப் பயிற்சி பெற்ற டிரைவர், மாடிக்கொரு கண்டக்டர் என்று செலவு செய்ய, பஸ்கள் பெரும் எண்ணிக்கையில் ஒரே கையில் இருக்க வேண்டும். தெற்கே அப்படி ஒரு கை இருந்தது. திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். அதன் பஸ் கடக்கும்போது கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

ஆனால் அந்தக் கையும் நிலைக்கவில்லை. 1971-இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு சட்டம் வந்தது. ஐம்பதும் அதற்கு மேலும் பஸ் வைத்திருப்பவர்களைக் குறிவைத்த சட்டம். மறு ஆண்டு ஜனவரியில் மதுரைச் சாலைகளில் ஓடிய அதே டி.வி.எஸ். பஸ்களின் பக்கவாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் புதுப் பெயர் எழுதப்பட்டது: பாண்டியன். கை மாறிய அந்த நாட்களில் டி.வி.எஸ். டிப்போக்களுக்குள் நடந்தது என்ன?

அடுத்த வாரம்.